எல்லோருக்கும் புரிந்துவிட்ட பிளாக்செயின்

முதலாளி மாநாட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். ஒரு துணிப்பை, இரண்டு பேனா, ஒரு புது வார்த்தை, இந்த மூன்றும் நிச்சயம். பை அவர் வீட்டுக்குப் போகும். பேனாக்கள் வரவேற்பு மேஜைக்குப் போகும். வார்த்தை மட்டும் நேராக டீச்சரின் தலையில் வந்து விடியும்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் கையேடு, படிவம், அறிவிப்பு எழுதுவது அவள் வேலை. மெக்கானிக்குகளின் அறிக்கைகளில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவாள் என்பதால் அவர்கள் வைத்த பெயர் அது. இருபது மெக்கானிக்குகளில் ஒருவர் அவளுடைய வீட்டுக்காரர். கம்பெனிக்குள் அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்கு அவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும்.

இந்த முறை வந்த வார்த்தை பிளாக்செயின்.

"நம்ம கம்பெனி இனிமே பிளாக்செயின்லதான் ஓடப்போகுது" என்றார் முதலாளி.

"எது சார் ஓடப்போகுது?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தாம்மா. சர்வீஸ், ரெக்கார்டு, நம்பிக்கை..." வலது கையைக் காற்றில் வட்டமாகச் சுற்றினார். விளக்கம் தெரியாத இடம் வந்தால் அவருடைய கை தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். "இதை விக்கற கம்பெனிக்காரர் வந்து உனக்குச் சொல்லுவார். நீ அதை நம்ம ஆளுங்களுக்கு எளிமையா புரிய வச்சிடு. ஒரு பயலும் புரியலன்னு சொல்லக் கூடாது. உன் கான்ட்ராக்ட் மூணு மாசத்துல முடியுது இல்ல? இது எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு நீட்டிக்கலாமா வேண்டாமான்னு சொல்றேன்."

ஏழு வருடமாக ஆண்டுக்கு ஒரு முறை அவள் கழுத்தில் வைக்கிற கத்திதான் இது. ஆனால் இதுவரை, தனக்கே தெரியாத ஒன்றை எளிமையாகச் சொல் என்று யாரும் கேட்டதில்லை.

கம்பெனிக்காரர் வந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, மனிதர் கோட்டைக் கழற்றவில்லை. மூன்று மணி நேரம் திரையில் அம்புக்குறிகளாகக் காட்டினார். ஒவ்வொரு அம்பும் இன்னொரு பெட்டிக்குப் போனது, அங்கிருந்து இன்னும் மூன்று அம்புகள் கிளம்பின.

"சுருக்கமா சொல்லணும்னா மேடம், நம்பிக்கையை நாங்க ஜனநாயகப்படுத்தறோம்."

"அது சரிங்க. ஒரு லிஃப்ட்ல பிரேக் மாத்தினா அதை எங்க எழுதணும்?"

"அதை நாம யூஸ் கேஸ் லெவல்ல பேசணும் மேடம்."

"பேசுங்களேன். அதுக்குத்தானே வந்திருக்கீங்க."

"முதல்ல இகோசிஸ்டம் புரியணும் மேடம்."

டீச்சர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். மேஜைமேல் இருந்தால் கை எதையாவது எடுத்து எறிந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது, அவர் சொன்ன ‘நோட்’ என்பதைக் கணு என்று தமிழாக்கி, வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். தட்டு காலியாகும்வரை ஆட்டினார்.

"ஏங்க, கேக்கறீங்களா?"

"கேக்கறேனே."

"என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்."

"ஏதோ கணு கணுவா இருக்கும்னே."

"கரும்பா அது? ஒரு மணி நேரமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன், கணு மட்டும்தான் காதுல விழுந்துதா?"

"ஏம்மா, சொல்றவளுக்கே புரியாம சொன்னா கேக்கறவன் என்ன பண்ணுவான்?" என்றார் அவர், தண்ணீரைக் குடித்துக்கொண்டே. அவள் கோபத்தோடு எழுந்து போனாள். அவர் சொன்னது உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அந்த வார்த்தையை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தாள். படித்ததில் பாதி அந்தக் கோட்டுக்காரரின் அண்ணன் தம்பிகள் எழுதியவை போலிருந்தன. ஆனாலும் தோண்டத் தோண்ட, அத்தனை ஆடம்பரத்துக்கும் அடியில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. அது ஒரு நோட்டு. இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இதைச் சொல்ல மூன்று மணி நேரமும் எழுபது அம்புக்குறியும் எதற்கு?

நோட்டு என்றால் மெக்கானிக்குகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மேலே ஒரு மெஷின் ரூம் உண்டு. உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டு அனலடிக்கும். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் நீள நோட்டு ஒன்று கயிற்றில் தொங்கும். யார் வந்தாலும், என்ன வேலை பார்த்தார்கள் என்று தேதி போட்டு அதில் எழுத வேண்டும்.

புதுப் படிவம் தயாரிப்பதற்காக டீச்சர் நாற்பது நோட்டுகளை வரவழைத்துப் பார்த்தாள். பேனாவில் எழுதிய வரிகள் ஒழுங்காக இருந்தன. நடுநடுவே பென்சில் கிறுக்கல்கள். ‘மூணாவது மாடியில நிக்கும்போது ஒரு முனகல். எனக்குத்தான் கேக்குதா?’ ‘இந்தக் கயிறு எனக்குப் பிடிக்கல. நீ பாரு.’ ‘கதவு யோசிச்சு யோசிச்சு மூடுது.’

"என்னங்க இது கூத்து?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். "எனக்குத்தான் கேக்குதான்னு எல்லாம் ஒரு ரெக்கார்டுல எழுதுவாங்களா?"

"அது சந்தேகம். பென்சில்லதான் எழுதுவோம். அடுத்த தடவை போறவன் அதைப் பார்த்துட்டு அந்த இடத்தைச் சோதிப்பான். ஒண்ணுமில்லன்னா அழிச்சிடுவான். இருந்துதுன்னா சரி பண்ணிட்டுப் பேனாவுல எழுதிடுவான்."

"யார் எழுதினதுன்னு பேர் கூட இல்லையே."

"சந்தேகத்துக்கு எதுக்கு பேரு?"

அவளுக்கு இது சுத்த அசிங்கமாகப் பட்டது. படிவத்தில் நான்கு கட்டங்கள் போட்டாள். தேதி, பார்த்த வேலை, பார்த்தவர், முடிந்ததா. ஒருவேளை யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இருக்கட்டும் என்று கடைசியில் ‘குறிப்பு’ என்று ஐந்தாவது கட்டமும் போட்டாள். தன்னுடைய தாராள மனதை அவளே மெச்சிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, கருவி வைக்கும் அறையில் இருபது பேரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். கிரீஸ் வாசனை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதன்மேல் யாரோ டீயை வைத்திருந்தார்கள்.

"உங்க நோட்டை நினைச்சுக்கோங்க. நீங்க அதுல ஒரு வரி எழுதறீங்க. அதே நிமிஷம் அதே வரி, ஊர்ல இருக்கற இன்னும் இருபது நோட்டுலயும் தானா விழுது. இப்ப நீங்க உங்க நோட்டைத் தூக்கிக் குப்பையில போட்டாலும் அந்த வரி போகுமா?"

"போகாது" என்றார்கள் நாலைந்து பேர்.

"உங்க நோட்டுல மட்டும் மாத்தி எழுதினா?"

"மத்த நோட்டெல்லாம் காட்டிக்கொடுத்திடும்."

"அவ்வளவுதான். இன்னும் ஒண்ணு. ஒவ்வொரு பக்கத்தோட தலைப்புலயும் முந்தின பக்கத்தோட அடையாளம் ஒண்ணு இருக்கும். அதனால நடுவுல ஒரு பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது. இதுக்குப் பேர்தான் பிளாக்செயின்."

அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. மாநாடும் வேண்டாம், கோட்டும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. டீச்சருக்குத் தன் தோளைத் தானே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் பின்வரிசையில் நின்று மற்றவர்களைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட்டையன் கையைத் தூக்கினான். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். "டீச்சர், அப்ப எழுதினதை அழிக்கவே முடியாதா?"

"முடியாது."

"தப்பா எழுதிட்டா?"

"தப்புன்னு கீழ இன்னொரு வரி எழுதலாம். ஆனா முதல் வரி அங்கயே இருக்கும். உங்க பேரோட. முதலாளி பார்க்கலாம், கட்டடத்துக்காரங்க பார்க்கலாம், வக்கீல் பார்க்கலாம். பத்து வருஷம் கழிச்சும் பார்க்கலாம். புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது டீச்சர்" என்றான் நெட்டையன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவள் வாழ்க்கையில் ஒரு கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் உண்மையாகவே புரிந்துகொண்டு தலையாட்டியது அன்றைக்குத்தான்.

ஆணிகளிலிருந்து நோட்டுகள் இறங்கின. எல்லோரும் போனில் எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் நூற்றுநாற்பது லிஃப்ட், ஆயிரத்துச் சொச்சம் பதிவு. ஐந்தாவது மாடிக் கூட்ட அறையில் முதலாளி ஒரு பெரிய திரையை மாட்டினார். அதில் நூற்றுநாற்பது கட்டமும் பச்சையாக ஒளிர்ந்தன. குறிப்பு என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று இருந்தது. முதலாளி அந்தத் திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார், பள்ளி விட்டு ஆபீசுக்கு வரும் பேத்திக்கும் தினமும் காட்டினார். "உன் கான்ட்ராக்ட் பேப்பரை ரெடி பண்ணச் சொல்லிட்டேன். மாசக் கடைசிக் கூட்டத்துல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை மதியம், வீட்டு மணி அடித்தது. டீச்சர் அன்றைக்கு வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் வீட்டுக்காரர். சட்டை தோளில் கிழிந்து, உள்ளே வெள்ளைக் கட்டு தெரிந்தது. பின்னால் நெட்டையன், முகம் பேயறைந்தது போல.

"பயப்படாதே, எலும்பு முறியல" என்றார் அவர் உள்ளே வந்துகொண்டே. அவளுக்கு அதற்குள் உயிர் பாதி போய்விட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நிறுத்தியிருந்த கூண்டு, பிரேக் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. ஒரு கை நீளம்தான். அதற்குள் சுவரிலிருந்த இரும்புச் சட்டம் தோளில் இடித்துவிட்டது. பிறகு என்ன நினைத்ததோ, பிரேக் பிடித்துக்கொண்டது.

"பிடிக்காம போயிருந்தா?" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் தோள் கட்டைத் தடவிக்கொண்டார்.

நெட்டையன்தான் வாயைத் திறந்தான். "போன மாசம் அந்த லிஃப்டுக்கு நான்தான் போனேன் டீச்சர். பிரேக் கொஞ்சம் மெத்துனு இருந்த மாதிரி தோணுச்சு. அளந்து பார்த்தா அளவு சரியா இருக்கு. ஆனா கைக்கு என்னமோ..."

"தோணுச்சுன்னா எழுத வேண்டியதுதானே? குறிப்புன்னு ஒரு கட்டம் வச்சிருக்கேன் இல்ல? கண்ணு தெரியலையா? இவர் உயிர் போயிருந்தா என்ன பண்ணியிருப்பே? வந்து மாலை போட்டிருப்பியா?"

"எப்படி டீச்சர் எழுதறது? அளவு சரியா இருக்கற பிரேக்கைப் போய் மெத்துனு இருக்குன்னு என் பேரைப் போட்டு எழுதினா, பத்து வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துவச்சுக் கேள்வி கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அழிக்கவே முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் இன்னும் கத்தியிருப்பாள். வீட்டுக்காரர் நல்ல கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவனைத் திட்டாதே. நானும் மூணு எழுதல."

"என்னது?"

"மூணு லிஃப்ட். மூணும் சின்னச் சந்தேகம்தான். நோட்டா இருந்தா எழுதியிருப்பேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்கிட்டச் சொன்னா நீ படிவத்துல ஏத்துன்னுவே."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். யார்மேல் எரிச்சல்படுவது என்று தேடிப் பார்த்தாள். முதலாளி, கோட்டுக்காரர், நெட்டையன், வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து கடைசியில் அது அவளிடமே வந்து நின்றது. எழுபது அம்புக்குறியோடு சொல்லியிருந்தால் ஒருத்தருக்கும் புரிந்திருக்காது. புரியாத ஜோரில் சந்தேகத்தையெல்லாம் கொட்டியிருப்பார்கள். அவள் மெனக்கெட்டு எளிமையாகச் சொல்லித் தொலைத்தாள். இருபது பேரும் அதை அப்படியே புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். நூற்றுநாற்பது பச்சைக் கட்டத்துக்கும் அதுதான் அர்த்தம்.

மறுநாள் ஏழரை மணிக்குக் கருவி அறைக்குப் போனாள். எல்லோருடைய போன்களையும் அந்த ஸ்டூல்மேல் வைக்கச் சொன்னாள். "ரெண்டு மாசமா எதெதை எழுதாம விட்டீங்களோ அதைச் சொல்லுங்க. யார் சொன்னதுன்னு எழுத மாட்டேன். என் கையெழுத்துலதான் இருக்கும்."

முதலில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார். அவர் ஒன்று சொன்னதும் இன்னொருவர் இரண்டு சொன்னார். அப்புறம் அவள் கை ஓடியும் ஈடுகொடுக்க முடியவில்லை. மொத்தம் முப்பத்தொன்று. ஆஸ்பத்திரி ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, முதியோர் இல்லம் ஒன்று அதில் இருந்தன.

சனிக்கிழமை, ஐந்தாவது மாடி. முதலாளியும் கோட்டுக்காரரும் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் அவளுடைய கான்ட்ராக்ட் பேப்பர், மேலே மூடி கழற்றிய பேனா.

"பார்த்தியாம்மா! ரெண்டு மாசம், ஒரு குறிப்பு கூட இல்ல. ஒரு கோளாறு கூட இல்லன்னு அர்த்தம். வியாழக்கிழமை உன் வீட்டுக்காரருக்கு ஏதோ சின்ன அடின்னு சொன்னாங்க. அது தனி. மொத்தமா பார்த்தா அருமை."

"மொத்தமா பார்க்கறதுக்குத்தான் சார் வந்தேன்" என்று அவள் முப்பத்தொரு சந்தேகமும் எழுதிய தாளை எடுத்து வைத்தாள். என்ன நடந்தது என்பதை ஒரு அம்புக்குறியும் இல்லாமல் சொன்னாள்.

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். கோட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மலர்ந்தார். "சூப்பர் மேடம்! டேட்டா ரொம்ப ரிச்சா இருக்கு. இதையும் செயின்ல ஏத்திடலாம்."

"ஆமாம்மா, ஏத்திடு" என்றார் முதலாளி.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். இத்தனை நேரம் சுவரிடம் பேசியிருந்தால் அதுகூட ஒரு விரிசல் விட்டிருக்கும். "ஏத்த மாட்டேன் சார். ஏத்தினா திங்கக்கிழமையிலேருந்து ஒருத்தரும் எங்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டாங்க. இதையெல்லாம் போய்ப் பார்க்கணும். அதுவரைக்கும் முப்பத்தொரு லிஃப்டையும் நிறுத்தணும்."

"யார் யார் சொன்னது இது? பேரே இல்லையே?"

"பேர் இல்லாததாலதான் சொன்னாங்க."

"பேர் இல்லாத சந்தேகத்துக்கெல்லாம் லிஃப்டை நிறுத்தினா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். பொறுப்புன்னு ஒருத்தன் வேணாமா?"

அவள் கான்ட்ராக்ட் பேப்பர்மேல் இருந்த பேனாவை எடுத்தாள். சந்தேகங்கள் எழுதிய தாளின் அடியில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"முப்பத்தொண்ணும் என்னுடைய சந்தேகம். போதுமா சார்?"

"நீ ஒரு லிஃப்ட் கூண்டு மேல ஏறியிருக்கியா?"

"இல்ல சார். ஏறினவர் தோள்ல கட்டோட வீட்டுல இருக்கார்."

"உன் பேப்பர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல. அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்." தாளை அவர் பக்கம் தள்ளினாள். "முதல்ல ஒன்பதாவது வரியைப் படிங்க. அப்புறம் போடறதா வேண்டாமான்னு பாருங்க."

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அது அவர்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கட்டடத்தின் லிஃப்ட். இறங்கும்போது இரண்டாவது மாடி தாண்டினதும் ஒரு குலுக்கல், கயிறா இருக்கலாம், சும்மா தோணுதோ என்னவோ, என்று எழுதியிருந்தது. அவர் இன்னொரு முறை படித்தார். சற்றுமுன் தான் ஏறி வந்ததையோ, தினமும் மாலையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இறங்குவதையோ நினைத்திருக்க வேண்டும். அவருடைய வலது கை சுற்றவில்லை. மேஜைமேல் அப்படியே கிடந்தது.

"கீழ சொல்லி இதை உடனே நிறுத்தச் சொல்லு."

"சரி சார். மீதி முப்பது?"

அவர் மற்ற வரிகளை விரலால் தடவிக்கொண்டே கீழே இறங்கினார்.

"அங்கயும் குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டுத்தான் சார் ஏறி இறங்கறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். "நிறுத்திடு. எல்லாத்தையும்." கதவுவரை போனவர் திரும்பி வந்து, கோட்டுக்காரருக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆனா, நான் நிறுத்தச் சொன்னேன்னு எங்கயும் ஏத்திடாதே. கட்டடத்துக்காரங்க நாளைக்குப் பிடிச்சுக்குவாங்க."

டீச்சர் அவரையே பார்த்தாள். இவ்வளவு நேரம் கரடியாய்க் கத்தியும் ஏறாதது, பேர் போட்டு எழுத ஏன் பயம் என்பது, இப்போது அவர் மண்டையில் ஏறிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என் பேர்தான் சார் இருக்கு" என்றாள்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. கான்ட்ராக்ட் பேப்பர் கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே கிடந்தது. கோட்டுக்காரர், அப்படியானால் டெமோ எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் போனை எடுத்து நெட்டையனைக் கூப்பிட்டாள்.

"எழுதிக்கோ. முதல்ல ஆஸ்பத்திரி."